தார்ன்மியர் தோற்ற ஞாயிறுகள்

ஃபஹாஹீல், குவைத்
14 அக்டோபர் 2002

அன்புள்ள நளினிக்கு,

வெள்ளிக்கிழமை போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. மாற்றல் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்றாய். தயாராக இருக்கிறது. என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நீ இருக்கும் தோஹாவில் எங்கள் கிளைக்குக் கட்டட அளவுக் கணக்குப் பார்க்க ஒரு குவான்டிட்டி சர்வேயர் வேண்டும் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். இங்கே மேலாளர் ஹால்ட்டன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். நீயும் நானும் ரக்ஷிதாவும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஆனால் இந்த வாரம் கொடுக்க முடியவில்லை. தார்ன்மியர் தோற்றுவிட்டது.

தார்ன்மியர் யார் என்று கேட்பாய். அது இங்கிலாந்தில் ஓர் ஊர். அந்த ஊருக்கு ஒரு கால்பந்து அணி. இங்கிலாந்துக் கால்பந்து ஒரு பத்து மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள். உன் அண்ணன் பாலமுரளி டிவி முன்னால் உட்கார்ந்து கூச்சல் போடுவதெல்லாம் மொட்டை மாடியில் நடப்பவை. அங்கிருந்து லிஃப்ட் இல்லாமல் இறங்கிக்கொண்டே வந்தால், ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே தார்ன்மியர் டவுன் இருக்கிறது. அதன் கோல்கீப்பர் வாரநாட்களில் தபால்காரர், நடந்து நடந்து முட்டி தேய்ந்தவர். நடுவில் ஆடுபவர் குளியலறைக்கு ஓடு பதிப்பவர். ஆட்டம் பார்க்க முந்நூறு பேர் வருவார்கள், நாய்களையும் சேர்த்து. ஹால்ட்டனுடைய அப்பா அந்த மைதானத்தில் புல் வெட்டியவர். மகன் எண்ணெய் நகரத்துக்கு மேலாளராக வந்துவிட்டாலும் மனம் அந்தப் புல்லில்தான் இருக்கிறது. நாங்கள் அவரைத் துரை என்போம். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில்.

துரை ஆட்கள் சம்பந்தப்பட்ட காகிதங்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையெழுத்துப் போடுவார். தார்ன்மியர் ஆடுவது சனிக்கிழமை. இந்த இரண்டையும் முதன்முதலில் சேர்த்துப் பார்த்தவர் அவருடைய செயலர், காயல்பட்டினத்துக்காரர் செய்கு அலாவுதீன். தார்ன்மியர் ஜெயித்தால் லீவு, மாற்றல், சம்பள உயர்வு எதுவும் கேட்கலாம். டிரா என்றால் நாற்காலி, டோனர், காலண்டர். தோற்றால் யாரும் உள்ளே போகக் கூடாது. தேநீர் மட்டும் போகும், அதுவும் பேசாமல்.

"இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"தொண்ணூத்தெட்டுல சார். நம்ம டிரைவர் அம்மையப்பன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டு உள்ள போனான். மொத நாள் அஞ்சு கோல் வாங்கியிருக்கானுவோ. போன வேகத்துல வெளிய வந்துட்டான். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளையும் பொறந்தாச்சு. அவன் இன்னும் அந்த வாசப்படி மிதிக்கல."

போன பருவம், அதாவது 2001-02, இருபத்திரண்டு அணிகளில் பதினாறாம் இடம். இந்தப் பருவம் இதுவரை பத்தொன்பதாம் இடம். ஆனால் அலாவுதீன் நம்பிக்கையோடு இருக்கிறார். குளிர்காலத்தில் அவர்கள் நன்றாக ஆடுவார்களாம்.

கொஞ்சம் பொறு.

முத்துராமன்


நஜ்மா, தோஹா
26 அக்டோபர் 2002

அன்புள்ள ரக்ஷிதாவின் அப்பாவுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, கேலி செய்கிறீர்கள் என்று நினைத்தேன். இரண்டாம் முறை, செய்யவில்லை என்று தெரிந்தது.

நம் கல்யாணத்தில் ராகுகாலம் பார்க்கக் கூடாது என்று என் அப்பாவிடம் ஒரு மணி நேரம் வாதாடியவர் நீங்கள். "சூரியனுக்கு நம்ம முகூர்த்தமெல்லாம் தெரியாது மாமா" என்றீர்கள். அப்பா அன்று தோற்றுப்போய் வெற்றிலை போட்டுக்கொண்டார். இப்போது, முட்டி தேய்ந்த ஒரு தபால்காரர் எந்தப் பக்கம் பாய்கிறார் என்று பார்த்து விண்ணப்பம் கொடுக்கிறீர்கள். அப்பாவுக்கு இதை நான் எழுதப்போவதில்லை. அவருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது.

நான் கணக்கு வாத்தியார். அலாவுதீன் சொன்ன நிரூபணத்தில் இருப்பது ஒரே ஓர் உதாரணம். ஒன்பதாம் வகுப்புப் பையன் இப்படி எழுதினால் பூஜ்யம் போட்டு, பெற்றோரைக் கூட்டிவரச் சொல்வேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டால் என்ன? கடித்துவிடுவாரா?

ரக்ஷிதாவின் வகுப்பில் குடும்பத்தைப் படம் வரையச் சொன்னார்களாம். என்னை வரைந்தாள், கூட இருக்கும் மாமாவை வரைந்தாள். உங்கள் இடத்தில் ஒரு டெலிபோனை வரைந்து, "இதுதான் எங்கள் அப்பா, ஜூலை மாதம் வெளியே வருவார்" என்று ஆங்கிலத்தில் விளக்கமும் கொடுத்திருக்கிறாள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று அக்கறையாகக் கேட்டார். இருக்கிறது என்றேன். பதினாறாம் இடத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

நளினி


ஃபஹாஹீல்
3 பிப்ரவரி 2003

அன்புள்ள நளினிக்கு,

சனிக்கிழமை தார்ன்மியர் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது!

ஞாயிறு காலை அலாவுதீன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு மேஜையின்மேல் மூன்று விரல்களை வைத்தார். அரை மணி நேரத்தில் வாசலில் வரிசை. கேரளத்துக்காரர்கள், எகிப்துக்காரர்கள், ஒரு வருடமாக ஏசி பழுது என்று சொல்லிவந்த பிலிப்பைன்ஸ் பெண், எல்லோரும். நான் ஒன்பதாவது.

என் முறை வந்தது. உள்ளே போனேன். துரை எழுந்து நின்று வரவேற்றார். "மூன்றாவது கோல் எப்படி விழுந்தது தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். அது தவறு என்று பிறகு புரிந்தது. என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி மேஜையில் விரித்தார். அதுதான் மைதானம். ஸ்டேப்ளர்தான் தபால்காரர். சர்க்கரைக் கிண்ணம் எதிரணித் தடுப்பாளர். அழிப்பான் பந்து. ஸ்டேப்ளர் நீளமாக உதைத்த அழிப்பான் சர்க்கரைக் கிண்ணத்தின் தலைக்கு மேல் பறந்து தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. கோல் விழுந்ததும் அப்படித்தானாம். நளினி, அந்த மனிதர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எட்டு வயதுப் பையன் மாதிரி இருந்தது. அந்த நேரத்தில், "சார், மைதானத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் என் குடும்பம் இருக்கிறது" என்று எப்படிச் சொல்வது? அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. தேநீர்க் கறையோடு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புதிதாக அச்சடித்துவிட்டேன். அடுத்த வெற்றிக்கு நான்தான் முதல் ஆள் என்று அலாவுதீன் சத்தியம் செய்திருக்கிறார்.

முத்துராமன்


நஜ்மா
5 ஏப்ரல் 2003

ரக்ஷிதாவின் அப்பாவுக்கு,

இங்கே டிவியில் போர். அங்கே சைரன். முந்தாநாள் போனில், சைரன் அடித்தால் எல்லோரும் மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்கிறோம், அலாவுதீன் பிஸ்கட் கொண்டுவருவார், ஒன்றும் பயமில்லை என்று சிரித்தீர்கள். போனை வைத்த பிறகு விடியும்வரை டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். வேறு எதற்கும் இதுவரை எனக்குத் தூக்கம் கெட்டதில்லை, பிரசவத்துக்குக்கூட.

தோஹா கிளையில் அந்த வேலைக்கு துபாயிலிருந்து ஓர் ஆளை எடுத்துவிட்டார்களாம். அண்ணன் விசாரித்துச் சொன்னார். அந்தத் துபாய்க்காரருக்காக எந்த அணி ஜெயித்ததோ, தெரியவில்லை.

இந்த வாரம் இவ்வளவுதான் எழுத வருகிறது.

நளினி


ஃபஹாஹீல்
10 மே 2003

அன்புள்ள நளினிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுதத் தைரியம் வரவில்லை. சைரன் நின்று ஒரு மாதம் ஆகிறது. கடைத்தெருவில் மீன் விற்கிறார்கள், நான் பேரம் பேசுகிறேன். பயப்படாதே. தோஹா வேலை கைவிட்டுப் போன விஷயத்தில் நீ சொல்லாமல் விட்டதையும் படித்துக்கொண்டேன்.

பருவம் 2002-03 முடிந்தது. இருபத்தொன்றாம் இடம். ஒரு மாடி கீழே இறக்கிவிட்டார்கள்.

ஒன்று சொல்லவேண்டும், கோபப்படாதே. கடைசி ஆட்டத்தன்று அலுவலகத்திலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். படமெல்லாம் வராது. யாரோ ஒரு புண்ணியவான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரி தட்டச்சு செய்வார். "மழை." "தபால்காரர் பிடித்தார்." "இன்னும் மழை." டிரா செய்தால் தப்பிக்கலாம். எண்பத்தெட்டாம் நிமிடம் கோல் வாங்கினார்கள். அந்த வரியை மூன்று முறை படித்தேன். மாற்றல் போயிற்றே என்றா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. அந்தத் தபால்காரர் திங்கட்கிழமை எந்த முகத்தோடு தெருவில் கடிதம் கொடுப்பார் என்பதே கவலையாக இருந்தது.

ஜூலையில் லீவு உறுதி, அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. குளிர்காலத்திலேயே டிக்கெட் எடுத்தாயிற்று, அதற்குக் கையெழுத்து வேண்டாம். மூவரும் மதுரையில் ஒரு மாதம். ரக்ஷிதாவுக்கு என்ன வாங்கிவர?

முத்துராமன்


நஜ்மா
18 ஜனவரி 2004

அன்புள்ள ரக்ஷிதாவின் அப்பாவுக்கு,

உங்கள் சென்ற கடிதத்தைத் திருத்தினேன். தொழில் பழக்கம். தபால்காரரின் இடது முட்டி பற்றிப் பதினொரு வரி. குளியலறை ஓடு பதிப்பவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது பற்றி ஐந்து வரி. என் இருமல் பற்றி அரை வரி, அதிலும் ஓர் எழுத்துப்பிழை. பத்துக்கு நான்கு.

இருமல் சரியாகிவிட்டது. முட்டி எப்படி இருக்கிறது?

சிரிக்காதீர்கள். முட்டி சரியில்லாதவரை எதற்காக ஒவ்வொரு வாரமும் நிறுத்துகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆசிரியர் அறையில் கோட்டயம் டீச்சரிடம் கேட்டேன். அவர் கணவருக்கு ஆர்சனல்தான் தெரியுமாம். ஆர்சனலை யாருக்குத்தான் தெரியாது.

ரக்ஷிதா பள்ளியில் பிடித்த அணி எது என்று எழுதச் சொன்னதற்கு எல்லாக் குழந்தைகளும் மான்செஸ்டர் என்று எழுத, இவள் தார்ன்மியர் என்று எழுதியிருக்கிறாள். எழுத்துப்பிழை என்று நினைத்து ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டார். "ஸ்பெல்லிங் சரிதாம்மா, டீம்தான் சரியில்ல" என்று வீட்டுக்கு வந்து அழுதாள். நான் போய் மதிப்பெண்ணை வாங்கித் தந்தேன். அந்த ஊருக்காக நான் சண்டை போடுவேன் என்று யார் நினைத்தார்கள்.

நளினி


ஃபஹாஹீல்
20 செப்டம்பர் 2004

அன்புள்ள நளினிக்கு,

நல்ல செய்தி. தோஹா கிளைக்கு எடுத்த துபாய்க்காரர் கனடா போகிறார். மார்ச்சில் இடம் காலியாகிறது. இந்த முறை விடமாட்டேன். புதிய விண்ணப்பம், புதிய கவர். அதே இழுப்பறை.

தார்ன்மியர் விவரம். பருவம் 2003-04: ஏழாம் இடம். பத்து வருடத்தில் இதுதான் சிறப்பு என்று துரை கேக் வெட்டினார். ஆனால் கோடையில் இங்கிலாந்தில் கூடி, கட்டடத்தின் நடுவே ஒரு புது மாடி கட்டிவிட்டார்கள். சில அணிகளை அங்கே ஏற்றியதால், இருந்த இடத்திலேயே இருந்த தார்ன்மியர், மொட்டை மாடியிலிருந்து எண்ணினால் ஒரு மாடி கீழே போய்விட்டது. தோற்காமலேயே கீழே போன அணியை இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் கம்பெனியிலும் பதவிகளை மாற்றி அமைத்தபோது எனக்கு இதேதான் நடந்தது. அதனால் எளிதில் புரிந்துகொண்டேன்.

முட்டிக்கு அறுவைச் சிகிச்சை வேண்டுமாம். அவர் மறுக்கிறார். அவரை எடுத்துவிட்டால் வேறு ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும், அணிக்கும் தெரியும்.

மார்ச்சுக்குள் ஒரு வெற்றி வராமலா போகும்?

முத்துராமன்


நஜ்மா
16 ஜனவரி 2005

அன்புள்ள ரக்ஷிதாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் கேலி இல்லை.

அண்ணனைச் சென்னைக்கு மாற்றிவிட்டார்கள். ஏப்ரலில் அவரும் அண்ணியும் கிளம்புகிறார்கள். இந்த வீடு அவர் கம்பெனி கொடுத்தது, அதுவும் போய்விடும். நானும் எட்டு வயதுப் பெண்ணும் தனியாக இந்த ஊரில் வீடு பிடித்து இருக்க முடியாது. யோசித்துப் பார்த்தேன், முடியாது. பள்ளியில் அடுத்த வருடம் தொடர்கிறேனா என்று மார்ச் பதினைந்துக்குள் எழுதித் தரவேண்டும். அதற்குள் உங்கள் மாற்றல் உறுதியானால் தொடர்வேன். இல்லையென்றால் ராஜினாமா செய்துவிட்டு மதுரைக்குப் போகிறேன். அங்கே போய்விட்டால் திரும்பி வரமாட்டேன். நீங்கள் வருடத்துக்கு ஒரு மாதம் வந்துபோகும் மாப்பிள்ளையாக இருங்கள். தெருவில் நிறையப் பேர் அப்படி இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு நாய்கள்கூட அவர்களைப் பார்த்துக் குரைக்கின்றன.

ஐந்து வருடமாக இந்த வேலையைக் கஷ்டப்பட்டுக் கட்டிக்காத்தேன். அதை விட எனக்கு மனமில்லை. உங்களையும் விட மனமில்லை. ஒரு கையெழுத்துத்தானே கேட்கிறேன்.

நளினி


ஃபஹாஹீல்
1 மார்ச் 2005

அன்புள்ள நளினிக்கு,

செப்டம்பருக்குப் பிறகு ஒரே ஒரு வெற்றி, அந்த வாரம் துரை ஊரில் இல்லை; ஜனவரியிலிருந்து அதுவும் இல்லை. ஒரு டிராகூட இல்லை. அலுவலகத்தில் டோனர் தீர்ந்துவிட்டது, எல்லோரும் சாம்பல் நிறத்தில் அச்சடிக்கிறோம். துரையின் அறைக்கதவு திறந்தே இருக்கிறது. யாரும் அந்தப் பக்கம் நடப்பதில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டியவர்கள்கூட வெளியே இறங்கிச் சுற்றிப் போகிறார்கள்.

போன ஞாயிறு விண்ணப்பத்தோடு வாசல் வரை போனேன். அலாவுதீன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் சொல்லுதேன் கேளுங்க. இன்னைக்குக் கேட்டு அவரு மாட்டேன்னு சொல்லிட்டா, அப்புறம் ஜெயிச்சாலும் கேக்க முடியாது. ஒரு தடவ மாட்டேன்னு வாயில வந்துட்டா வெள்ளக்காரன் மாத்த மாட்டான்."

நியாயமாகப் பட்டது. நீ சொன்ன ஒற்றை உதாரணமெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் நளினி, ஒரு கேள்விக்கு இல்லை என்று பதில் வந்துவிட்டால் அந்தக் கேள்வியே செத்துப்போய்விடுகிறது. கேட்காமல் இருக்கும்வரை நான் தோஹாவுக்கு வரப்போகிறவன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி சொந்த மைதானத்தில், பட்டியலில் கடைசி இடத்தில் இருக்கும் அணியோடு ஆட்டம். அந்த அணிக்குப் பாதி ஆட்கள் சளிக்காய்ச்சலாம். பதின்மூன்றாம் தேதி காலை நான்தான் முதல் ஆள். உன் பதினைந்தாம் தேதிக்கு இரண்டு நாள் முன்பு. நம்பு.

முத்துராமன்


நஜ்மா
14 மார்ச் 2005

அன்புள்ள ரக்ஷிதாவின் அப்பாவுக்கு,

நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும். மீதியை நான்தான் எழுதவேண்டும்.

ஞாயிறு காலை வகுப்புகள் முடிந்து இடைவேளை. உங்களிடமிருந்து போன் வரவில்லை. வராததே பதில். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து உங்கள் அலுவலக எண்ணைச் சுழற்றினேன். நாலைந்து பேர் நோட்டுத் திருத்துவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் சொல்லவேண்டிய மூன்று வாக்கியங்களை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன்.

அலாவுதீன் எடுத்தார். யாரென்று சொன்னேன்.

"மேடம், இன்னைக்கு மட்டும் வேண்டாம் மேடம். ஏழு."

"என்ன ஏழு?"

"கோல், மேடம். ஏழுக்கு ஒண்ணுமில்ல. காய்ச்சல்காரனுவோகிட்ட வாங்கியிருக்கானுவோ."

"லைன் குடுங்க."

"அடுத்த வாரம் வச்சுக்கலாமே..."

"எனக்கு அடுத்த வாரம் கிடையாது. குடுங்க."

"நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிறாதீங்க மேடம்" என்று கெஞ்சிவிட்டுக் கொடுத்தார். வேறு யார் கொடுத்ததாகச் சொல்வது என்று யோசிப்பதற்குள் ஒரு குரல் "ஹால்ட்டன்" என்றது. உங்கள் கடிதங்களில் அவர் புலி. எனக்குக் கேட்டது, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவரின் குரல்.

உள்ளங்கையைப் பார்த்தேன். வியர்வையில் எழுத்துகள் கலைந்துவிட்டன. கோபம் மட்டும்தான் மிச்சம். வாயில் வந்தது இதுதான்: "ஏழு கோல் விழும்வரை அந்தத் தபால்காரரை ஏன் நிற்க வைத்தீர்கள்? ஒருவருடைய முட்டிக்கு மரியாதை கிடையாதா?"

மெதுவாக, "மாற்று ஆள் இல்லை, மேடம். நீங்கள் யார்?" என்றார்.

"முத்துராமனின் மனைவி. தோஹாவிலிருந்து. இரண்டாயிரத்து மூன்றில் எண்பத்தெட்டாம் நிமிடத்தில் வாங்கியதும் இதே தவறுதான். நீங்கள் திருந்தவில்லை."

அதற்குப் பிறகு இருபது நிமிடம் அவர்தான் பேசினார். எனக்கு எல்லாமே தெரிந்த கதை. பதினாறாம் இடம், இருபத்தொன்று, ஏழு, புது மாடி. நடுவில் அவர் ஒரு வருடத்தை மாற்றிச் சொன்னார், திருத்தினேன். ஓடு பதிப்பவரின் இரட்டையர்கள் நடக்கிறார்களா என்று கேட்டேன். ஒருவன் நடக்கிறான், மற்றவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்றார். என் கார்டு தீரப்போகிறது என்றதும் அவரே திரும்ப அழைத்தார். அப்போதுதான் சொன்னார்: "காலையிலிருந்து இந்த அறைக்குள் ஒருவரும் வரவில்லை. தோற்ற வாரங்களில் யாரும் வருவதில்லை. என் துக்கத்துக்கு மரியாதை கொடுக்கிறார்கள். இந்தியர்களின் நாகரிகத்தைப் பற்றி என் தம்பிக்குக்கூட எழுதியிருக்கிறேன். ஆனால் சில சமயம், யாராவது வந்து உட்கார்ந்தால் தேவலை என்றிருக்கும்."

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள். வெற்றி, டிரா, டோனர், வரிசை, அம்மையப்பன். ஒரு மாதிரியான சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு.

"அந்த டிரைவரா? நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து வரச் சொல்லிக் கை காட்டினேன். ஏழு வருடமாக அவருக்காகக் காத்திருக்கிறேன்." பிறகு சொன்னார்: "ஜெயித்த ஞாயிறுகள்தான் எனக்குப் பிடிக்காது, மேடம். ஒரு கோலைக்கூட நிம்மதியாக நினைத்துப் பார்க்க விடுவதில்லை. எல்லோர் கையிலும் ஒரு காகிதம். தோற்ற ஞாயிறுகளில் நாள் முழுக்க எனக்கு ஒரு வேலையும் இருக்காது."

அப்போதுதான் கேட்டேன். என் கணவரை இங்கே அனுப்புங்கள் என்று, ஒரே வாக்கியம். "அவருக்கு ஃபஹாஹீல் பிடித்திருக்கிறது என்றல்லவா நினைத்தேன்! இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லையே. விண்ணப்பம் எங்கே?" என்றார். உங்கள் மேஜை இழுப்பறையில் என்றேன்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் அறையில் ஒருவரும் திருத்தவில்லை. கோட்டயம் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யார் இறந்தது?" என்றார்.

பள்ளியில் தொடர்கிறேன் என்று இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நளினி


ஃபஹாஹீல்
4 ஏப்ரல் 2005

அன்புள்ள நளினிக்கு,

உன் கடிதத்தில் என் பக்கம் விட்டுப்போயிருக்கிறது. அதை எழுதிவிடுகிறேன். அன்று காலை நான் இழுப்பறையைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தேன். அலாவுதீன் வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. "சார், ஒங்கள உள்ள கூப்புடுதாரு. பேப்பரோட" என்றார். அலுவலகம் முழுக்க எழுந்து நின்றது. உள்ளே போனேன். துரை என்னைப் பார்க்கவே இல்லை. காகிதத்தை வாங்கினார், கையெழுத்துப் போட்டார், நீட்டினார். "உங்கள் மனைவி சொல்வது சரி. முட்டி விஷயத்தில்" என்றார். அவ்வளவுதான். அந்த எட்டு நொடி வேலைக்கு இரண்டரை வருடம் காத்திருந்தேன்.

இங்கே யாருக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைக்காதே. சாஸ்திரத்தில் ஒரு திருத்தம் செய்திருக்கிறார்கள், அவ்வளவே. தோற்ற நாளிலும் கையெழுத்து விழும், தோஹாவிலிருந்து ஒரு மேடம் போன் செய்தால். அம்மையப்பன் நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அண்ணிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. எனக்குப் பத்து நாள் லீவு போதும்ணே" என்றான். நேராக உள்ளே போ, அவர் ஏழு வருடமாகக் காத்திருக்கிறார் என்று சொன்னேன். "கேலி பண்ணாதீங்கண்ணே" என்று போய்விட்டான்.

தபால்காரர் அறுவைச் சிகிச்சைக்குப் போய்விட்டார். இப்போது ஓடு பதிப்பவர் கோலில் நிற்கிறார். இந்தப் பருவமும் கீழே இறங்குவது உறுதி. முந்தாநாள் நான்குக்கு ஒன்று.

நேற்று ஞாயிறு. எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை. ஆனாலும் போனேன், கையை வீசிக்கொண்டு. துரை முதலில் என் கைகளைத்தான் பார்த்தார். "காகிதம் எங்கே?" என்றார். இல்லை சார், சும்மா வந்தேன் என்றேன். நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். நான்கு கோல் வாங்கிய பிறகு பேசுவதற்கு என்ன இருக்கிறது. வாசலில் அலாவுதீன் எட்டிப் பார்த்தார். நான் வெளியே தூக்கி எறியப்படாததை உறுதி செய்துகொண்டு, தானே தேநீர் எடுத்துவந்தார். மூன்று கோப்பை. மூன்றாவதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். துரை இன்னொரு நாற்காலியைக் காட்டினார். ஒன்பது வருடமாக அந்த அறை வாசலில் உட்கார்ந்திருப்பவர், நளினி, அந்த நாற்காலி மெத்தென்று இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, பதினான்காம் தேதி, பகல் விமானம். பெட்டி கட்டியாயிற்று.

நேற்று அந்த அறையிலிருந்து கிளம்பும்போது துரை கேட்டார்: "உங்கள் மனைவி எப்போதும் இப்படித்தான் சண்டை போடுவாரா?"

யோசித்துப் பார்த்தேன். உன் கோபத்தை நான் காகிதத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். போனில் கார்டு ஓடும், கோபப்பட நேரம் இருக்காது. ஒரு மாத லீவில் நாம் சண்டை போட்டதில்லை, ஒரு நாள் வீணாகிவிடுமே என்று. உன் குரல் ஏறும்போது எப்படி இருக்கும் என்பது கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்தும் எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எனக்குத் தெரியாது சார். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

முத்துராமன்